நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக் கடற்படை: விளையாட்டில் இருப்பதும் வரலாற்றில் நடந்ததும்

நம் வீட்டுப் பிள்ளைகள் கணினியில் விளையாடும் வரலாற்று விளையாட்டுகளில் 2009-ல் வெளிவந்த 'எம்பயர்: டோட்டல் வார்' ஒன்று. கதை 1700-ல் தொடங்குகிறது. விளையாடுபவர் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து அதை வல்லரசாக்க வேண்டும். உதுமானியர்களை எடுக்கலாம், மராத்தியர்களை எடுக்கலாம். டச்சுக்காரர்களை எடுத்தால் தொடக்கத்திலேயே இலங்கை கையில் இருக்கும். பீரங்கிக் கப்பல்களைக் கட்டி, கடல் வழிகளைப் பிடித்துக்கொண்டால் தந்தம், வாசனைப் பொருள், சர்க்கரை, தேயிலை என்று வருமானம் கொட்டும்.

உண்மையான 1700-ல் அந்த டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கடற்கரைத் தலைமையகம் எங்கே இருந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நாகூருக்குப் பக்கத்தில், நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அந்தக் கடற்படை நம் டெல்டாவில் என்ன செய்தது என்பது விளையாட்டில் இல்லை. ஆகவே அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

காகிதத்தால் ஆண்ட கடல்

டச்சுக்காரர்களுக்கு முன்பே போர்ச்சுகீசியர்கள் இந்தக் கடலில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டார்கள். எந்தக் கப்பல் சென்றாலும் அவர்களிடம் காசு கொடுத்து 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். (காகிதத்தைக் குறிக்கும் 'கிர்தாஸ்' என்ற அரபுச் சொல்லே இப்படி மருவியது என்பது பலரின் கருத்து.) கப்பல் எது, தலைவன் யார், எங்கே போகிறது, என்ன ஆயுதம் இருக்கிறது என்றெல்லாம் சீட்டில் எழுதியிருக்கும். மிளகு போன்ற சில சரக்குகளை ஏற்றவே கூடாது. சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். ஹஜ் பயணிகளும் இதற்குத் தப்பவில்லை. மலபாரின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் 16-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' இந்தக் கொடுமைகளைப் பதிவு செய்திருக்கிறது. எதிர்த்துப் போராடியவர்களும் உண்டு. மண்டபத்துக்கு அருகில் உள்ள வேதாளையில் 1538-ல் மரைக்காயர் தலைவர்களின் படை போர்ச்சுகீசியர்களோடு மோதித் தோற்றது.

1602-ல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரளவில் வணிக நிறுவனம். ஆனால் போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும், மன்னர்களோடு ஒப்பந்தம் செய்யவும் அதற்கு உரிமை இருந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியர்களிடமிருந்து பறித்தது. அப்போது தஞ்சையை ஆண்டவர் விஜயராகவ நாயக்கர். பழவேற்காட்டில் இருந்த தலைமையகம் 1690-ல் நாகைக்கு மாறியது. இங்கே கட்டிய கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஐம்புலன்கள்'. சீட்டு முறையையும் அவர்கள் விடவில்லை. போர்ச்சுகீசியர்களின் வழக்கத்தை ஒழிக்காமல் இன்னும் கணக்காக நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கணக்கில் வராத சரக்கு

அந்தக் கணினி விளையாட்டின் சரக்குப் பட்டியலில் மனிதர்கள் இல்லை. நாகையில் ஏறிய கப்பல் சரக்கில் மனிதர்கள் இருந்தார்கள்.

டச்சுக்காரர்கள் வந்த அடுத்த ஆண்டுகளிலேயே பீஜப்பூர் சுல்தானின் படைகள் தஞ்சை நாட்டுக்குள் புகுந்து வயல்களை அழித்தன. படையெடுத்தவர் முஸ்லிம் மன்னர் என்பதால் இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நெல் விளையும் நாட்டில் பஞ்சம் வந்தது. பசி தாங்காமல் மக்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தார்கள். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தாவியா.

1694-96-ல் தஞ்சையில் மீண்டும் போர், மீண்டும் பஞ்சம். அந்த ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கையில் இறக்கப்பட்ட அடிமைகளின் எண்ணிக்கை 3,859. தலை எண்ணி எழுதி வைத்ததால்தான் இவ்வளவு துல்லியமான எண் நமக்குக் கிடைக்கிறது. பெயர்கள் கிடைக்கவில்லை. எந்த ஊர், யார் மகன், யார் மகள் என்பதும் தெரியவில்லை.

இலங்கையில் இருந்த டச்சுக்காரர்களுக்கு உண்ணவும் நம் கரையின் அரிசி தேவைப்பட்டது. தஞ்சை அரிசி பாக் நீரிணையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

வாடைக் காற்றும் பீரங்கியும்

விளையாட்டில் கப்பல்களை வேண்டிய இடத்துக்கு நகர்த்திவிடலாம். இந்தக் கரையில் அது நடக்காது. பெரிய கப்பல் நுழையும் ஆழமான துறைமுகம் அன்று இங்கே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, உள்ளூர்ப் படகுக்காரர்கள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்க வேண்டும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் எந்த வல்லரசின் கப்பலும் இங்கே நிற்க அஞ்சும்.

பருவம் தப்பியும் புயல் வரும். 1749 ஏப்ரலில் கொள்ளிடம் முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையைப் பிடிக்க ஆங்கிலேயர்கள் கிளம்பியபோது வீசிய புயலில், 74 பீரங்கிகள் கொண்ட 'நாமூர்' என்ற அவர்களின் தளபதிக் கப்பல் மூழ்கியது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த எதிரிக் கடற்படையும் அந்தக் கப்பலுக்கு இப்படி ஒரு சேதத்தைச் செய்ததில்லை.

டச்சுக்காரர்களின் முடிவு 1781-ல் வந்தது. ஆங்கிலேயர்கள் கடலிலும் கரையிலும் நாகையை முற்றுகையிட்டார்கள். டச்சுக்காரர்களுக்கு ஹைதர் அலியின் படையினரும் துணை நின்றார்கள். ஆனாலும் நவம்பரில் கோட்டை விழுந்தது. அதே ஆண்டு ஹைதரின் குதிரைப்படை டெல்டா கிராமங்களைச் சூறையாடியதை தஞ்சை மக்கள் 'ஹைதர் கலாபம்' என்று நெடுங்காலம் நினைவு வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 6-ம் நாள் நாகைக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் தலா 11 போர்க்கப்பல்களோடு மோதினார்கள். எந்தக் கப்பலும் பிடிபடவில்லை, யாரும் வெல்லவும் இல்லை. 1784 உடன்படிக்கையில் நாகை ஆங்கிலேயர்களுக்கே என்று முடிவானது.

நம்மவர்களின் கப்பல்கள்

இத்தனைக்கும் நடுவே நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் கப்பல் ஓட்டுவதை நிறுத்தவில்லை என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது. போர்ச்சுகீசியரிடம் சீட்டு வாங்கினார்கள், பிறகு டச்சுக்காரரிடம் வாங்கினார்கள். ஒரு துறை அடைபட்டால் வேறு துறைக்குப் போனார்கள். துணியை ஏற்றி அச்சே, கெடா, மலாக்கா என்று சென்று வெள்ளீயம், பாக்கு, யானை ஆகியவற்றோடு திரும்பினார்கள். தஞ்சையின் மராத்திய மன்னர் பிரதாப் சிங் நாகூரில் 131 அடி உயர மினாரைக் கட்டியது, இந்த வணிகம் நடந்துகொண்டிருந்த 18-ம் நூற்றாண்டில்தான்.

1786-ல் ஆங்கிலேயர்கள் பினாங்கில் குடியேற்றம் அமைத்ததும் நம்மவர்களின் கப்பல்கள் அங்கேயும் சென்றன. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தக் கரையிலிருந்து வந்து உழைத்துப் பொருள் சேர்த்துத் திரும்புகிறார்கள் என்று அதை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794-ல் எழுதியிருக்கிறார்.

கடனில் மூழ்கிய டச்சுக் கம்பெனி 1799-ல் கலைக்கப்பட்டது. அவர்களின் பழைய கல்லறைகளை இன்றும் நாகையில் பார்க்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1801-ல், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் பினாங்கில் ஒரு பள்ளிவாசலைத் தொடங்கினார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்ற பெயரில் அங்கே இன்றும் ஐவேளைத் தொழுகை நடக்கிறது.