அசிஸ்டென்ட் என்றால் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ‘டைப்ரைட்டர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறி. இன்னொன்று, அதன் முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்த பெண். ‘கம்ப்யூட்டர்’ கதையும் அதுதான். மின்னணுக் கணினி வருவதற்கு முன் அது கணக்குப் போடும் மனிதரின் பதவிப் பெயர். ஹார்வர்டு வானாய்வகத்தில் நட்சத்திரங்களை அளந்து பதிந்த ‘கம்ப்யூட்டர்கள்’ பெண்கள். இப்போது ‘அசிஸ்டென்ட்’ என்ற சொல்லும் அந்தப் பாதையில் போகிறது. 2011இல் ஆப்பிளின் சிரியும் 2014இல் அமேசானின் அலெக்ஸாவும் அமெரிக்காவில் அறிமுகமானபோது, இரண்டும் பெண் குரலில்தான் பேசின. ஏவியதைச் செய்பவள் பெண் என்ற பழைய எண்ணத்தை இந்தக் குரல்கள் உறுதிப்படுத்துகின்றன என்று 2019இல் யுனெஸ்கோ அறிக்கை ஒன்று கண்டித்தது.

நானும் ஓர் அசிஸ்டென்ட்தான். இலுப்பூரில் வீட்டிலிருந்தபடியே விர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில் செய்கிறேன். வெளியூரில் இருக்கும் சிறு வணிகர்களின் மெயில், பில், சந்திப்பு நேரம் எல்லாம் என் பொறுப்பு. அதனால் இந்தச் சொற்களின் வரலாறு எனக்கு வேடிக்கைத் தகவல் அல்ல. ஒரு வேலை இயந்திரத்தின் கைக்குப் போகும்போது, அதுவரை அதைச் செய்த பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பதே என் கேள்வி.

டெலிபோனைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்க முதலில் பையன்களைத்தான் வைத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களிடம் வம்பு செய்ததால், 1878இல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். பணிவும் குறைந்த சம்பளமும் சேர்ந்து அதைப் பெண்கள் வேலையாக்கின. கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரவுஜர், ஆபரேட்டர்கள் தனக்கு வரும் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்புவதாகச் சந்தேகப்பட்டார் என்பார்கள். 1891இல் அவர் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை வாங்கினார். பெண் கை படாமல் அழைப்பு போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் வேலை மறைந்துவிடவில்லை. எண்ணைச் சுழற்றும் வேலை சந்தாதாரரின் தலையில் ஏறியது. நம் நாட்டில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது 1960இல்தான். அதன் பிறகும் பல ஊர்களில் ‘டிரங்க் கால்’ பதிந்துவிட்டு, ஒரு பெண் குரலுக்காகக் காத்திருந்தோம்.

தமிழ்நாட்டில் பெண்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நானும் புதுக்கோட்டையில் லோயர், ஹையர் முடித்தவள். அந்தச் சான்றிதழால் அரசு வேலைக்குப் போன பெண்கள் ஏராளம். ஆனால் கடிதத்தைச் சொல்பவர் ஒருவர், அடிப்பவள் ஒருத்தி என்ற ஏற்பாடு அப்படியே நின்றது. பிறகு வேலையே கிராமத்துக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2007இல் நிறுவனமான தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் அலுவலகம் வைத்து நகரத்து நிறுவனங்களின் தரவு வேலைகளைச் செய்தது. வெளியூர் அனுப்பாத வீட்டுப் பெண்களும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்கு பஸ் பிடிக்காமலே நான் சம்பாதிப்பது அதன் அடுத்த கட்டம்.

என் தொழிலில் பாதி வேலையை இப்போது ஸாப்பியர், மேக் போன்ற கருவிகள் செய்கின்றன. ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று கட்டளைகளைக் கோத்து வைப்பதுதான் சூட்சுமம். ஒருவர் படிவத்தை நிரப்பினால் விவரம் கூகுள் ஷீட்டில் ஏறும், பதில் மெயில் போகும், காலண்டரில் நேரம் விழும். பணம் வராவிட்டால் மூன்றாம் நாள் நினைவூட்டல் போகும். கோபமாக எழுதிய வாடிக்கையாளருக்கு எப்படிப் பதில் சொல்வது, கோத்த சங்கிலி எங்கே அறுந்தது என்பதெல்லாம் இன்னும் என் வேலை.

ஒருவருக்கு மணிக்கணக்கில் வேலை செய்தேன். மாதம் இருபது மணி நேரம் பிடித்ததை இப்படி ஐந்து மணி நேரமாகக் குறைத்தேன். அடுத்த மாதம் ஐந்து மணி நேரத்துக்கான பணம்தான் வந்தது. “மெஷின்தானே செய்யுது” என்றார். அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. நேரத்துக்குக் கூலி என்றால், மிச்சமாகும் நேரம் முழுக்க அவருக்கே லாபம். அதற்குப் பிறகு நான் மணிக்கணக்கை விட்டுவிட்டேன். இன்ன வேலைக்கு மாதம் இவ்வளவு என்று எழுதி வாங்குகிறேன். கருவிகளின் கணக்கு என் பெயரில் இருக்கிறது.

மிச்சமான நேரத்தை வீடும் விழுங்கப் பார்க்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். “வீட்லதானே இருக்கே” என்ற ஒரு வார்த்தையில் என் அலுவலகம் அடுப்படியாகிவிடும்.

கருவி தானாக யாரையும் விடுவிக்காது என்பதை எங்கள் மாவட்டம் ஏற்கெனவே கற்றிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். வாங்குவதற்கு வங்கிக் கடன் ஏற்பாடானது. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மிதித்தார்கள், வேலை குறைந்துவிடவில்லை. ஆனால் எங்கே, எப்போது போவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். கூட்டமாகக் கற்றதால் கேலி எடுபடவில்லை. வண்டி அவர்கள் கையில் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கருவியைச் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், கணக்கை உங்கள் பெயரில் திறங்கள், விலையை நீங்கள் வையுங்கள். வரலாற்றில் பெண்ணின் பதவிப் பெயரை இயந்திரம் பலமுறை எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த முறை பெயர் போனாலும் போகட்டும், கூலியும் நேரமும் நம்மிடம் இருக்க வேண்டும்.