தீராநோயும் உயிர்துறவும்

நெற்குப்பைக்கு அண்மையிலுள்ள பிரான்மலையைப் பாரியின் பறம்பெனக் கொள்வது அறிஞர் வழக்கு. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் கீழ்க்குறிப்புக் கூறும். (அவர் தீப்புகுந்தார் என்பது முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டின் கூற்று, அம்முரண்பாடு வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது.) தீராநோயால் வருந்துவோர் தாமே உயிர்துறத்தல் தகுமோ என்னும் வினா எழும்பொழுது இவ்வடக்கிருத்தலை முற்சான்றாகக் காட்டுவார் உளர். அது சான்றாகாது என்பதே எம் கருத்து.

கபிலர் வடக்கிருந்தது நட்பின் பிரிவாற்றாமையால். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மக்களொடு நேர்ந்த பகையால். சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தது வெண்ணிப் போரிற் பட்ட புறப்புண்ணுக்கு நாணி. இவருள் ஒருவரேனும் பிணியால் வருந்தியவரல்லர். நோயால் இறத்தலை அக்கால மறவர் இழிவாகக் கருதினர் என்பது உண்மையே. அங்ஙனம் இறந்த மன்னர் உடலைத் தருப்பைப்புல்லிற் கிடத்தி வாளாற் போழ்ந்து அடக்கிய வழக்கத்தைப் புறநானூற்று 93ஆம் பாட்டில் ஔவையார் குறிக்கின்றார். ஆயின் வாள்வடு இறந்தபின் இடப்பட்டதேயாம். நோயுற்றோன் உயிரை முன்னரே போக்கினர் என்பதற்கு அப்பாட்டில் இடமில்லை.

பெரியபுராணத்தில் ஒரே நோய் இருவரைப் பற்றுகின்றது. சூலையுற்ற மருணீக்கியார், சமணர் செய்த மருத்துவம் பயன்படாமையால், தமக்கையாரை நாடித் திருவதிகை சென்று நலம் பெற்றார். ஏயர்கோன் கலிக்காமரோ அந்நோய் தீரும் வழி அறிந்தும், வன்றொண்டரால் அது தீர்வதை ஒப்பாது, உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வலியின் மிகுதியா அவரை மாய்த்தது? அன்று, மானமே மாய்த்தது. ஆதலின் இதுவும் வடக்கிருத்தலின் பாற்பட்டதேயன்றி நோய்த்துறவு ஆகாது.

நோயைக் காரணமாக வெளிப்படக் கூறுவது சமண நூலே. சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றியதும், அருங்கலச்செப்பு என்னும் தமிழ்நூலுக்கு முதனூலாயதுமான இரத்தினகரண்டகம், இடையூறு, வற்கடம், மூப்பு, பிணி ஆகிய நான்கும் மாற்றற்கரியவாயவழிச் சல்லேகனை கொள்ளலாம் என்கின்றது. ஆனால் அந்நூலே சல்லேகனைக்குரிய குற்றங்களை எண்ணுமிடத்து, வாழ விரும்புதலோடு சாக விரும்புதலையும் சேர்த்து எண்ணுகின்றது. இவ்விரண்டாம் பகுதியை எடுத்துக்காட்டுவோர் அரியர். உயிர்துறவுக்கு இசைவு உண்டு. உயிர்துறக்கும் வேட்கைக்கு இசைவு இல்லை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து வீடெய்திய சந்திரநந்தி ஆசிரியரையும், 30 நாள் இருந்த இளையபடாரரையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. நாளெண்ணிக்கையைப் பொறித்தவர் நோயைப் பொறித்திலர்.

சமந்தபத்திரரைப் பற்றிய மரபுக்கதையும் ஈண்டு நோக்கற்பாலது. எவ்வளவு உண்டும் அடங்காப் பசிநோய் அவரைப் பற்றிற்று. துறவுநெறி காத்து அதனை ஆற்றுதல் இயலாதாயிற்று. சல்லேகனைக்கு அவர் விடை வேண்ட, ஆசிரியர் மறுத்தார். தவக்கோலத்தை நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டு வருக எனப் பணித்தார். சமந்தபத்திரரும் அவ்வாறே மீண்டார். சாவை வேண்டி மறுக்கப்பட்டவர் பெயராலேயே சாவுக்கு இசையும் விதிநூல் வழங்குகின்றது.

உச்சநீதிமன்றம் 9-3-2018இல் அளித்த தீர்ப்பு, மீளவியலா நிலையினர்க்கு உயிர்நீட்டிக்கும் மருத்துவத்தை நிறுத்தவும், அவ்விருப்பத்தை ஒருவர் முன்னரே எழுதிவைக்கவும் இசைந்தது. மருந்திட்டு உயிர்போக்குதற்கு இசைந்திலது. தீர்வின்மையை அடிப்படையாகக் கொண்டமையால் இத்தீர்ப்பு இரத்தினகரண்டகத்தோடு ஒக்கும். நோயாளியின் விருப்பத்தை அந்நூல் குற்றமாக எண்ண, தீர்ப்போ உரிமையாக எண்ணுதலின் வேறுபடும். தீர்வின்மையை அறுதியிடுவார் யார் என்பதில் மற்றொரு வேறுபாடும் உண்டு. சமந்தபத்திரர் கதையில் அவர் ஆசிரியர். தீர்ப்பில் மருத்துவர் குழு.