வேடந்தாங்கல் ஏரியும் நத்தைகுத்தி நாரையும்



மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் ஏரியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதாகவும், ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டதாகவும் சொல்வார்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், 1798-ல், சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் ஏன் அலைந்தார்கள்? கருணை மட்டும் இல்லீங்க. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக வயலுக்கு வரும். யூரியா மூட்டையையே கண்ணில் பார்க்காத காலம் அது!

சரி, ஒரே மரத்தில் அஞ்சாறு ஜாதிப் பறவை இருந்தால் இரைக்குச் சண்டை வராதா? பெரிசா வராது. நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும். கரண்டிவாயன் சேற்றுத் தண்ணீரை மூக்கால் துழாவும். வக்கா ராத்திரியில்தான் இரைக்குக் கிளம்பும். லட்சக்கணக்கான வருஷம் அக்கம்பக்கமாக வாழ்ந்ததில் ஏற்பட்ட பாகப்பிரிவினை இது. பட்டாவும் இல்லை, மணியக்காரரும் இல்லை.

நத்தைகுத்தி நாரையைக் கவனித்துப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது; வளர வளரத்தான் உண்டாகும். நத்தை ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் போய் மூடியை இறுக்கிக்கொள்ளும். நாரையோ அலகு நுனியை உள்ளே விட்டு, தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். ஓட்டை உடைப்பதில்லை. நத்தையை நம்பியே பிழைத்த இனத்துக்கு அலகும் அதற்கேற்ப அமைந்துவிட்டது.

ஆனால் அந்த அலகால் வேறு இரைக்குச் சுலபமாக மாற முடியாது. இரையும் ஏரிக்குள் மட்டும் இல்லை. சுற்றுவட்டார ஏரிகளிலும் நம்முடைய நெல் வயல்களிலும்தான் இருக்கிறது. பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் நத்தையும் நண்டும் சேர்ந்தே குறையும். குஞ்சுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்?

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த 5 கிலோமீட்டருக்குள் வயல்களும் உண்டு. நாரை இறங்கினால் நாற்று கொஞ்சம் மிதிபடும், வாஸ்தவம்தான். விரட்டாமல் விட்டுவிட்டு, சாய்ந்த நாற்றை மறுநாள் ஊன்றிக்கொள்ளுங்கள்.