சுண்ணக்கட்டிக் குறியும் கைப்பேசித் திரையும்: தடுப்பூசிக்கு மக்கள் உடன்படுவார்களா என்பதை நாம் அறிய முயன்ற வரலாறு

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, மருந்தின் இருப்பைப் போலவே அரசு அறிய விரும்பிய செய்தி இன்னொன்றும் இருந்தது. மக்கள் ஊசி போட்டுக்கொள்ள முன்வருவார்களா? வீடு வீடாகச் சென்று கேட்பது அரிதாகிவிட்ட காலம் அது. ஆகவே விடை பெரும்பாலும் கைப்பேசித் திரையில் தேடப்பட்டது. முகநூல் நிறுவனமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் இணைந்து, 2020 ஏப்ரல் முதல் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் பயனர்களிடம் நாள்தோறும் ஒரு கருத்தாய்வை நடத்தி வந்தன. தடுப்பூசி வந்தபின், ‘போட்டுக்கொள்வீர்களா?’ என்ற வினாவும், தயங்குவோரிடம் காரணத்தைக் கேட்கும் வினாவும் அதில் இடம்பெற்றன.

கருவி புதிது; வினா பழையது. ஒவ்வொரு காலத்திலும் அவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் யாருடைய குரலைக் கேட்டார்கள், யாருடைய குரலைக் கேட்கத் தவறினார்கள் என்பதே இப்பதிவின் பொருள். சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்திய மண்ணில் வெற்றியடைந்த முதல் தடுப்பூசியாக வரலாறு அதைக் குறிக்கிறது. அதன்பின் மாகாணந்தோறும் தடுப்பூசித் துறைகள் உருவாயின, ஆண்டறிக்கைகள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்று ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் எவரும் வாசிக்கக் கிடைக்கின்றன. எத்தனை பேருக்குக் குத்தப்பட்டது, எத்தனை பேருக்குப் ‘பிடித்தது’, செலவு எவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் அவற்றில் அட்டவணைகள் உண்டு. மக்களின் விருப்பத்துக்கு அட்டவணை இல்லை. மறுத்தவர்களைப் பற்றிப் பேச நேரும் இடங்களில் ‘மூடநம்பிக்கை’, ‘அறியாமை’ போன்ற சொற்களோடு அதிகாரிகள் கடந்துவிடுகின்றனர்.

அச்சொற்களுக்குப் பின்னால் மறைந்துபோனவை பல. வங்கத்தில் ‘டிக்காதார்’ எனப்பட்டோர், பெரியம்மைப் புண்ணிலிருந்து எடுத்த பொருளையே உடலில் ஏற்றும் பழைய முறையைத் தலைமுறைகளாகச் செய்துவந்தனர். அதற்கெனச் சடங்குகளும் பத்தியமும் இருந்தன. புதிய முறையிலோ, முன்பு குத்தப்பட்ட ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்தைக் கீறி, அதில் ஊறும் நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றினர். தம் பிள்ளையின் கையை மீண்டும் கீறவிடப் பெற்றோர் அஞ்சினர்; வேறு சாதிக் குழந்தையின் உடலிலிருந்து வருவதை ஏற்கத் தயங்கியவர்களும் இருந்தனர். அவர்கள் இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தே தயங்கினர். 1865இல் கல்கத்தாவில் பழைய முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1880ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம், நகராட்சிகளிலும் படைக்குடியிருப்புகளிலும் ஊசியைக் கட்டாயமாக்க வழிசெய்தது. கட்டாயம் வந்தபின் விருப்பத்தை அறியும் தேவை அரசுக்குக் குறைந்தது.

பட்டறிவிலிருந்து பிறந்த அச்சமும் உண்டு. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர், மாசடைந்த ஒரு புட்டியின் மருந்தால் வில்வாதம் கண்டு இறந்தனர். மருந்தை உருவாக்கிய ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்தே அவர்மீதான பழி நீங்கியது. இத்தகைய நிகழ்வுக்குப்பின் ஓர் ஊர் தயங்கினால், அதை அறியாமை என்று எழுதிவிட முடியுமா?

மறுப்பைப் பகுத்துப் பார்க்கும் முறை இந்தியாவில் செம்மை பெற்றது, என் மதிப்பீட்டில், இளம்பிள்ளைவாத ஒழிப்பின்போதுதான். 2002இல் இந்தியாவில் பதிவான 1,600 நோயாளிகளுள் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே வீடு வீடாகச் சென்ற சொட்டு மருந்துக் குழுவினர், ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டனர். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டுக்கு ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. ஒரு குழந்தை விடுபட்டாலும் ‘எக்ஸ்’. பின்னர் ‘எக்ஸ்’ வீடுகளையும் பகுத்தனர்: பூட்டிய வீடு, வெளியூர் சென்ற குழந்தை, நோயுற்ற குழந்தை, மறுத்த குடும்பம். விடுபட்ட வீடுகளில் மறுத்தவை ஒரு பகுதியே என்பது அந்தப் பகுப்பால்தான் தெரிந்தது. ஒவ்வொரு வகைக்கும் தீர்வும் வேறாயிற்று. பூட்டிய வீட்டுக்கு மீண்டும் செல்ல வேண்டும். மறுத்த வீட்டில் அமர்ந்து பேச வேண்டும்.

அப்படிப் பேசியபோது கேட்டவை ஆழமானவை. சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பரவியிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 அக்டோபரில், கட்டாயக் கருத்தடையை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்த முசாபர்நகர் இருப்பதும் அதே நிலப்பகுதியில்தான். வதந்தி பொய், அது வேரூன்றிய மண் மெய்யானது. வேறொரு குறையும் திரும்பத் திரும்ப ஒலித்தது. ‘சாக்கடை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவர் இல்லை, இந்தச் சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் வருகிறீர்கள்?’ என்பதே அதன் சாரம். உள்ளூர்ப் பெண்கள் களப்பணியாளர்களாயினர். மதத் தலைவர்களும் பல்கலைக்கழகங்களும் துணை நின்றனர். 2009இல் வகுக்கப்பட்ட திட்டம் ஒன்று, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்துத் தூய்மை, குடிநீர், வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலும் கருத்தைச் செலுத்தியது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் கண்ட ஒரு குழந்தையே இந்தியாவின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

சுண்ணக்கட்டிக் குறியின் வலிமை எங்கிருந்தது? மொத்தம் எத்தனை வீடுகள் என்பது குழுவுக்குத் தெரியும். விடை சொல்லாத வீடும், பூட்டிய வீடும் கணக்கில் நின்றன. கைப்பேசிக் கருத்தாய்வில் இது தலைகீழாகிறது. விடையளித்தவர் மட்டுமே தெரிவார். வினாவே சென்றடையாதவர் கணக்கில் தோன்றுவதில்லை.

இக்குறையின் அளவை அமெரிக்கத் தரவு காட்டிற்று. அங்கே முகநூல் வழியாக நடந்த இணைக் கருத்தாய்வு வாரத்துக்குச் சுமார் 2,50,000 விடைகளைப் பெற்றது. ஆயினும் 2021 மே மாதத்தில் அது முதல் தவணை பெற்றோரின் பங்கை, அரசுப் பதிவுகளைக் காட்டிலும் 17 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகையாகக் காட்டியது. சுமார் 1,000 பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட சிறிய ஆய்வொன்று உண்மைக்கு மிக அருகில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை இதை விளக்கியது. மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருந்தால், எண்ணிக்கை பெருகப் பெருகப் பிழையின்மீது நமக்குள்ள உறுதியே பெருகுகிறது.

அமெரிக்காவிலேயே இந்நிலை என்றால் இந்தியாவில்? 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை என்றேனும் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். வீட்டில் குழந்தைக்கும் முதியவருக்கும் ஊசி போட அழைத்துச் செல்பவள் பெரும்பாலும் பெண். அவளுடைய தயக்கத்தைத் திரை எவ்வாறு கேட்கும்?

கேட்கும் கருவியின் குறை, வழங்கும் கருவியிலும் புகுந்தது. 2021 மே 1 முதல் 18–44 வயதினருக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. பதிவு செய்யாதவர் விருப்பமற்றவரா, வழியற்றவரா என்பதை அத்தளத்தின் எண்கள் பிரித்துக் காட்டவில்லை. மே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் இந்த எண்மப் பிளவைச் சுட்டி அரசிடம் விளக்கம் கேட்டது. நேரில் வந்து பதிவு செய்யும் வழியும் படிப்படியாகத் திறந்தது. அக்டோபர் 21 அன்று நாடு 100 கோடித் தவணைகளை எட்டியது. அதற்குப் பின்னும் விடுபட்டோரைத் தேடி நவம்பரில் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘ஹர் கர் தஸ்தக்’. வீடுதோறும் கதவைத் தட்டுதல் என்பது அதன் பொருள்.

எண்மத் தளங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒரு வதந்தி எங்கே எழுகிறது, எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதை அவை அன்றே காட்டக்கூடும். ஒரே கருத்தாய்வைத் தொடர்ந்து நடத்தினால், அளவு பிழைபட்டாலும் மாற்றத்தின் திசை ஓரளவு புலப்படும். கதவைத் தட்டுவதும் எப்போதும் கனிவானதாக இருந்ததில்லை. 1970களில் பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில், வலுக்கட்டாயமாக ஊசி குத்திய நிகழ்வுகளை வரலாற்றாய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே, ‘இத்தனை விழுக்காட்டினர் தடுப்பூசிக்குத் தயார்’ என்ற தலைப்பைக் காணும்போது மூன்று வினாக்களையேனும் நாம் கேட்க வேண்டும். யாரிடம் கேட்டார்கள்? கேட்கப்படாதவர் எத்தனை பேர்? மறுத்தவரையும், வழியின்றி விடுபட்டவரையும் பிரித்துக் காட்டினார்களா? கையில் சுண்ணக்கட்டியுடன் சந்துகளில் நடந்த பெண்கள் இந்த மூன்றுக்கும் வீட்டுக்கு வீடு விடை வைத்திருந்தார்கள். அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் அமைக்கும் தளங்களிலும் அவ்விடைகளுக்கு இடம் இருக்க வேண்டும்.