வீடு காலியா? நோட்டீஸ் கொடுங்க: சென்னை வாடகைச் சட்டங்களின் கதை

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க வாடகை வீட்டுல இருக்கீங்கன்னா, அது அரசாங்கத்துக்குத் தெரியுமா? ஆதார் கார்டுல அட்ரஸ் மாத்தினீங்களான்னு கேட்கல. கேஸ் கனெக்‌ஷனைப் பத்தியும் கேட்கல. "இந்த வீட்டை இவருக்கு, இந்த வாடகைக்கு விட்டிருக்கேன்"னு உங்க ஹவுஸ் ஓனர் எங்கேயாவது பதிவு பண்ணியிருக்காரா?

"அதான் அக்ரிமென்ட் இருக்கே" என்பீங்க. இருக்கும். 11 மாசத்துக்குப் போட்டிருப்பாங்க. ஏன் 11? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி, சார்பதிவாளர் அலுவலகத்துல காத்திருப்பு, இதெல்லாம் எதுக்குன்னு ஒரு மாசத்தைக் குறைச்சுக்கிட்டோம். அதாவது, நம்ம பீரோவுல பத்திரமா வச்சிருக்கிற அந்தக் காகிதமே பதிவைத் தவிர்க்கறதுக்காக உண்டான காகிதம்.

ஆனா 2019 பிப்ரவரி 22ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் நிலைமை வேற. 2017இல் நிறைவேறிய புது வாடகைச் சட்டம் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. அதுப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், 11 மாசமானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து ஒரு எண் வாங்கணும். இது சார்பதிவாளர் பதிவு இல்லை, தனி ஏற்பாடு. நோட்டரி முத்திரை இதுக்குப் பதிலாகாது.

இதைக் கேட்டதும் "வீட்டுக்காரங்களை அரசாங்கம் இப்போதான் கணக்குக் கேட்க ஆரம்பிச்சிருக்கு"ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா இந்த ஊர்ல வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லியே ஆகணும்னு ஒரு விதி பல பத்தாண்டுகளுக்கு முன்னாடியே இருந்தது. அதுல வேடிக்கை என்னன்னா, அப்போ அரசாங்கம் கேட்டது வீட்டுல யார் இருக்காங்கன்னு இல்லை. எந்த வீடு காலியா இருக்குன்னு.

அதைப் புரிஞ்சுக்க இரண்டாம் உலகப் போர் காலத்துக்குப் போகணும்.

போர் வந்தா வாடகை ஏறும். முதல் உலகப் போரின் கடைசியில் பம்பாயில் இதே நெருக்கடி வந்து, 1918இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டாங்க. மதராஸ் முறை வந்தது அடுத்த போரில். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதற்கடுத்த வருஷம் கதையில் ஒரு விசித்திரமான திருப்பம். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மதராஸ்தான் என்ற பயத்தில் ஜனங்கள் ரயிலேறினாங்க. அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. வீட்டுக்கு அலைஞ்ச ஊர்ல திடீர்னு தெருத்தெருவாகப் பூட்டின வீடுகள்.

அந்தப் பயம் நீடிக்கல. போனவங்க திரும்பி வந்தாங்க, கூடவே புதுசா வந்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. 1941 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 7.8 லட்சம். 1951இல் 14 லட்சத்துக்கு மேல். இடையில் நகர எல்லையும் விரிஞ்சது என்பதைச் சேர்த்துச் சொல்லணும், இருந்தாலும் வீடுகள் அந்த வேகத்துல பெருகல. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் ஒண்டுக்குடித்தனம், ஸ்டோர் வீடு என்று ஒரு வீட்டுக்குள்ள பல அடுப்பு எரிஞ்ச காலம் அது. போர்ஷன் என்ற சொல் இன்னைக்கும் டு-லெட் போர்டுல உயிரோட இருக்கு, கவனிச்சுப் பாருங்க.

போர்க்கால ஆணை சுதந்திரத்துக்கு முந்தைய வருஷமே முழுச் சட்டமாச்சு: 1946இல் மதராஸ் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1949இல் அதன் இடத்தில் இன்னொன்று, 1960இல் மற்றொன்று. இந்த 1960 சட்டம்தான் சுமார் 58 வருஷம் சென்னையை ஆண்டது.

அதன் 3ஆம் பிரிவைப் படிச்சப்போ நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு கட்டடம் காலியானால், அதாவது குடியிருந்தவர் போனாலோ, வீட்டுக்காரரே குடியிருந்து வெளியேறினாலோ, 7 நாளுக்குள் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கணும். அந்த வீடு அரசுக்கோ, அரசு அதிகாரி ஒருத்தர் குடியிருக்கவோ, உள்ளாட்சிக்கோ, பொது நிறுவனத்துக்கோ தேவைன்னா, அரசு எடுத்துக்கலாம். அப்புறம் சட்டப்படி அரசுதான் வாடகைதாரர். வேண்டாம்னு சொன்னாலோ, குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிலே வரலைன்னாலோதான் வீட்டுக்காரர் தன் இஷ்டப்படி யாருக்காவது விடலாம். ஏன், அவரே குடியேறக்கூட அதுவரைக்கும் காத்திருக்கணும்.

இதைப் பார்த்துக்க மதராஸில் ஒரு பதவியே இருந்தது: அக்காமடேஷன் கன்ட்ரோலர். மாற்றலாகி மதராஸ் வந்திறங்கிய அதிகாரிக்கு வீடு வேணும், நகரத்துல வீடு இல்லை. அப்போ தனியார் வீடுகளின் காலி இடம் அரசுக்குத் தெரிஞ்சே ஆகணும். தர்க்கம் புரியுது, இல்லையா? பஞ்ச காலத்துல நெல் மூட்டையைக் கணக்குக் காட்டச் சொல்ற மாதிரி, வீட்டையும் பதுக்கக்கூடிய சரக்காகப் பார்த்தாங்க. மாசம் 25 ரூபாய்க்கு மேல் வாடகை போகாத குடியிருப்புகளுக்கு இந்த நோட்டீஸ் வேண்டாம், கடை மாதிரியான கட்டடங்களுக்கு அந்த வரம்பு 50 ரூபாய். ஒண்டுக்குடித்தனத்தை எடுத்து எந்த அதிகாரி குடியிருக்கப் போறார்?

சரி, நோட்டீஸ் கொடுக்காமலே ஒரு வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டுட்டா? இந்த இடம் முக்கியம். பிரிவை மீறிக் குடியிருப்பவர் யாரானாலும், வீட்டுக்காரரோ வாடகைதாரரோ வேற ஆளோ, நீண்ட வழக்கெல்லாம் இல்லாமலே வெளியேற்ற அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. யோசிச்சுப் பாருங்க. நோட்டீஸ் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர். அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சிக் குடியேறினவருக்கு அப்படி ஒரு நோட்டீஸ் பாக்கி இருக்குன்னே தெரியாமல் இருக்கலாம். தட்டுமுட்டுச் சாமானோட தெருவுக்கு வரப்போவது அவர்.

இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. கடைசியில திரும்ப வருவேன்.

ஆனா அதே 1960 சட்டத்தின் மற்ற பக்கங்கள் முழுக்க வாடகைதாரர் பக்கம் சாய்ந்தவை. நியாய வாடகைன்னு ஒண்ணு இருந்தது. இடத்தோட மதிப்பு, கட்டுமானச் செலவு, கட்டடத்தோட வயசு இதையெல்லாம் கணக்குப் போட்டு, அதுல இத்தனை சதவீதம்தான் ஆண்டு வாடகைன்னு கோர்ட் தீர்மானிக்கும். வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்த உபயோகம் என்று சட்டம் சொன்ன காரணங்கள் இருந்தால்தான் காலி பண்ணச் சொல்ல முடியும். அட்வான்ஸ் ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கவே கூடாது. ஆமாம், ஒரு மாசம். சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகின நமக்கு இது சிரிப்பாத்தான் இருக்கும். சட்டப் புத்தகத்துல அந்த வரி இருந்த காலத்துலயேதான் பத்து மாச வழக்கமும் செழிச்சது.

இதுல எனக்குப் பெரிசாப் படுறது வேற. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க, எழுத்து ஒப்பந்தம் தேவையில்லை. வாய்ப்பேச்சு போதும். குடியிருக்கிறார், வாடகை தருகிறார், அவ்வளவுதான். அவர் இறந்துபோனால் கூடவே வாழ்ந்த மனைவி, மகன், மகளுக்கும் அந்தப் பாதுகாப்பு தொடரும்.

அப்போ ஆதாரத்துக்கு என்ன செய்வாங்க? வீட்டுக்காரரின் பழைய தந்திரம் ஒண்ணு உண்டு: வாடகையை வாங்க மறுப்பது. மூணு மாசம் வாங்காம இருந்துட்டு, "பாக்கி வச்சுட்டான்"னு கேஸ் போடலாமே. சட்டம் இதை முன்கூட்டியே யோசிச்சு வச்சிருந்தது. வாங்க மறுத்தால், எந்த பேங்க்ல கட்டணும்னு கேட்டு நோட்டீஸ் அனுப்பு. பதில் இல்லையா, மணியார்டர் பண்ணு. அதையும் திருப்பினால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் டெபாசிட் பண்ணு. அதனால சென்னை வாடகை வழக்குகள்ல மணியார்டர் ரசீது ஒரு பெரிய ஆயுதம். பதிவு எண் கிடையாது, அக்ரிமென்ட் கிடையாது, தபால்காரர் போட்ட ஒரு முத்திரை.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, மறைக்க வேண்டாம். ஓய்வூதியத்துல ஒரு வீடு கட்டி, பல வருஷத்துக்கு முந்தின வாடகையை வாங்கிக்கிட்டு, சொந்த வீட்டுக்குள்ள போக கோர்ட்டுல வருஷக்கணக்கா நின்னவங்க இருக்காங்க. புதுக் கட்டடத்துக்கு முதல் 5 வருஷம் சட்டத்துலேர்ந்து விலக்கு. மாசம் 400 ரூபாய்க்கு மேல வாடகை உள்ள குடியிருப்புக்கும் ஒரு காலத்துல விலக்கு இருந்தது. 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 400 ரூபாய் வரம்பை அடிச்சுப் போட்டது. கடைக்கு அப்படி வரம்பு இல்லாதபோது வீட்டுக்கு மட்டும் ஏன்? அதுவும் விலைவாசி இப்படி ஏறின பிறகு 400 ரூபாய் வீட்டுல இருப்பவர் வசதியானவர்னு எப்படிச் சொல்வது? இதுதான் கேள்வி. வீட்டுக்காரர்களுக்கு அது பலத்த அடி.

இப்போ 2019க்கு வருவோம். புதுச் சட்டம் 1960 சட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. நியாய வாடகைக் கணக்கு போச்சு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதான் வாடகை. அட்வான்ஸுக்கு மூணு மாச வாடகைன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. காலி வீட்டு நோட்டீஸும் போச்சு. அதுக்குப் பதிலா வந்ததுதான் நான் முதல்ல சொன்ன பதிவு. வீட்டுக்காரரோ வாடகைதாரரோ விண்ணப்பிக்கலாம். ரெண்டு பேர் விவரம், வாடகை எவ்வளவு, எத்தனை காலம், எல்லாம் படிவத்துல வரும். பான் எண்ணும் கேட்கும். பல வீட்டுக்காரங்க ஏன் இந்தப் படிவத்தைத் தொடமாட்டேங்கறாங்கன்னு இப்போ புரியுதா?

ஒரு காலத்துல காலி வீட்டைத் தேடின அரசாங்கம், இப்போ ஆள் இருக்கிற வீட்டைத் தேடுது. இதை நான் குறையாச் சொல்லல. எழுத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது, மறுக்க முடியாது. பிரச்சினை, எழுத்துல இல்லைன்னா என்ன ஆகுதுங்கிறதுல இருக்கு.

புதுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வீட்டை மீட்க வீட்டுக்காரர் சொல்லக்கூடிய காரணங்களை அடுக்குது. வாடகை பாக்கி, உள்வாடகை, எல்லாம் பழகின பெயர்கள். ஆனா பட்டியலில் முதல் காரணம் எது தெரியுமா? ரெண்டு பேரும் எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கத் தவறியது. அதாவது, ஒப்பந்தம் இல்லைங்கிறதே காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம். முப்பது வருஷமா வாய்ப்பேச்சுல குடியிருந்து, மணியார்டர் ரசீதைக் கட்டுக்கட்டா வச்சிருந்த குடும்பத்துக்கு இது என்ன செய்யும்னு நினைச்சுப் பாருங்க. வீட்டுக்காரர் ஒப்பந்தத்துக்கே வராமல் இருந்துட்டு, அப்புறம் "ஒப்பந்தம் இல்லையே"ன்னு வழக்குப் போடலாம். இந்தச் சட்டம் வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் காரணத்தை ஒட்டிய வழக்குகள் வந்துக்கிட்டே இருக்கு.

அந்தக் காலத்து 3ஆம் பிரிவு ஞாபகம் இருக்கா? நோட்டீஸ் கொடுக்காதது வீட்டுக்காரர், வெளியேறுவது குடியிருந்தவர். இப்பவும் அதே ஆள்தான் மூட்டை கட்டுகிறார்.

இந்த எபிசோடுக்காகப் படிச்சிட்டு இருந்தப்போ என் அக்ரிமென்ட்டை எடுத்துப் பார்த்தேன். 11 மாசம், நோட்டரி சீல், ரெண்டு சாட்சி. பதிவு எண்? கிடையாது. போன ஞாயித்துக்கிழமை வாடகை கொடுக்கப் போனப்போ, பதிவு பண்ணலாமா அங்கிள்னு மெதுவா கேட்டேன். "நமக்குள்ள எதுக்குப்பா அதெல்லாம், ஒரு நம்பிக்கைதானே" என்றார். நல்ல மனுஷன்தான், தண்ணிப் பஞ்சத்துல எங்களுக்கும் சேர்த்து லாரி சொல்லி வச்சவர். நானே தனியா விண்ணப்பிக்கலாம்னு சட்டம் சொல்லுது. விண்ணப்பிச்சா அடுத்த 11 மாசத்துக்கு அவர் அக்ரிமென்ட் போடுவாரான்னுதான் சட்டத்துல இல்லை. படிவம் லேப்டாப்ல திறந்தபடியே இருக்கு. பான் எண் கட்டம் மட்டும் காலி, அது அவர்கிட்டதான் கேட்கணும்.