மேசைக்கணினியும் தமிழெழுத்தும்

எழுதுகருவி மாறும்போதெல்லாம் எழுத்தின் வரலாறும் திருப்பம் அடைகிறது. ஓலையிலிருந்து தாளுக்குத் தமிழ் வந்த வரலாறு பலரும் அறிந்தது. மேசைக்கணினியிலிருந்து அது கைப்பேசிக்குப் பெயர்ந்தமை அண்மைக்கால நிகழ்ச்சி. அப்பெயர்ச்சியில் மலேசியத் தமிழர்க்குத் தனியிடம் உண்டு.

ஐபிஎம் நிறுவனம் தன் தனிக்கணினியை 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்டது. நான்கே ஆண்டுகளில், 1985-இல், மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் மென்பொருளை ஆக்கிக் கணினியில் தமிழ் எழுத வழிகண்டார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' என விரிந்தது. கோலாலம்பூரின் இம்பி பிளாசா, லோயாட் பிளாசா, பெட்டாலிங் ஜெயாவின் டிஜிட்டல் மால் ஆகியவை கணினி வாங்குவோர் திரண்ட இடங்களாயின. 2001-இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் கூடிற்று.

எனினும் அக்காலத்துக் கணினித் தமிழில் பெருங்குறை ஒன்று இருந்தது. கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். 'க' என்பதற்கு எவ்வெண் என்பதில் ஒருமைப்பாடு இல்லை. எழுத்துருதோறும் குறியீடு வேறுபட்டது. ஆதலின் ஒருவர் எழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாத மற்றொருவர் படிக்க இயலவில்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்குப் பொதுக் குறியீடு வகுத்தது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றது. அச்சகங்களோ பழைய முறைகளை எளிதில் விடவில்லை.

இந்நிலையில் கைப்பேசி வந்தது. முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005-இல் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத உதவிற்று. 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைமுகம் அமைந்தது. 2016 அக்டோபரில், உலக இணையப் பயன்பாட்டில் கைக்கருவிகள் முதன்முறையாக மேசைக்கணினியை விஞ்சியதாக ஸ்டேட்கவுண்டர் நிறுவனம் அறிவித்தது. 2020-இல் மலேசியக் கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரைப் பற்றி ஆய்வு நடத்தியபோது, தனிக்கணினி உடையோர் 6 விழுக்காட்டினரே; மடிக்கணினி உடையோர் 9 விழுக்காட்டினர்; திறன்பேசி உடையோர் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர். எக்கருவியும் இல்லாதோர் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. கைப்பேசி யூனிகோட்டையே அடிப்படையாகக் கொண்டமையின், சிதறிக் கிடந்த கணினித் தமிழ் ஒருமை பெற்றது. சென்னையில் எழுதியதைக் கிள்ளானில் உள்ளவர் தடையின்றிப் படிக்கிறார்.

ஆயின் இழப்பும் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் பழைய எழுத்துருக்களில் எழுதப்பெற்ற பள்ளி மலர்கள், பயிற்சித்தாள்கள், சங்க ஆண்டறிக்கைகள் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றைப் படிக்கவல்ல மேசைக்கணினியோ பழுதுற்று மூலையில் கிடக்கிறது. அது பழம்பொருளாக விலைபோகும் நாளில் உள்ளிருக்கும் தமிழும் உடன் போகும். ஏடுகள் செல்லுக்கு இரையானது ஒரு காலம். இஃது அதன் மறுவடிவம் அன்றோ?

மீட்கும் வழி அரிதன்று. பழைய குறியீட்டை யூனிகோடாக்கும் மாற்றிகள் உள்ளன. எவ்வெழுத்துருவில் எழுதப்பெற்றது என்று அறிந்தால் போதும். அதனை அறிந்தவர் அன்று தட்டச்சு செய்த ஆசிரியர்களே. அவர்கள் நினைவு மங்குமுன், பழங்கணினி விலைபோகுமுன், அப்பணி நடைபெறுதல் வேண்டும். கருவி மறையலாம், அதில் எழுதிய தமிழும் மறைதல் தகாது.