மன்னிக்கும் உரிமை யாருடையது?

2002 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களை ஒரு கால்பந்து வீரரின் மணவுறவுக்கு வெளியிலான உறவு நிறைத்திருந்தது. நார்த் மெல்பர்ன் அணியின் தலைவர் வேய்ன் கேரி. அவருடைய துணைத்தலைவர் ஆந்தனி ஸ்டீவன்ஸ். துணைத்தலைவரின் மனைவியோடு அணித்தலைவருக்கு உறவு இருந்தது வெளியே தெரிந்துவிட்டது. சில நாட்களுக்குள் கேரி அணியைவிட்டு விலகினார். அந்த ஆண்டு முழுக்க அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டு, 2003இல், அடிலெய்டு குரோஸ் என்ற வேறொரு அணியின் சட்டையோடு மைதானத்துக்குத் திரும்பி வந்தார். புதிய ஊரின் ரசிகர்கள் அவரைத் தங்களவராக ஏற்றுக்கொண்டார்கள்.

எந்த வீட்டில், எந்த விருந்தில், எந்த அறையில் என்ற விவரங்களெல்லாம் அப்போதே வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டன. அந்தப் பெண்ணின் பெயரும் ஆண்டுக்கணக்கில் அச்சேறிக்கொண்டே இருந்தது. அவற்றை நான் மறுபடி எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியது அந்த வரவேற்பு. ஒரு ஆணின் எந்தத் தவறு சமூகத்துக்குத் தவறாகத் தெரிகிறது, எது தெரியாமலே போகிறது, அவனை மன்னிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை அந்த வரவேற்பு காட்டிக்கொடுக்கிறது.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் கால்பந்து அல்ல. 1859இல் மெல்பர்னில் இதன் விதிகள் எழுதப்பட்டன. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையிலேந்தி ஓடலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவருக்குத் தரலாம். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்து அனுப்பினால் 6 புள்ளிகள். எதிராளியின் தோளுக்கு மேல் எம்பி அந்தரத்தில் பந்தைப் பிடிப்பவரைப் பார்க்கவே கூட்டம் வரும். அப்படிப் பிடிப்பதில் கேரிக்கு இணையாக அன்று அதிகம் பேர் இல்லை. 1993இல், 21 வயதில், அணித்தலைவரானார். 1996, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவர் தலைமையில் நார்த் மெல்பர்ன் கோப்பையை வென்றது. ரசிகர்கள் அவரை ராஜா என்றே அழைத்தார்கள்.

அந்த 1996இல் வேறொன்றும் நடந்தது. மெல்பர்ன் நகரத் தெருவில், குடித்துவிட்டு அணித்தோழர்களோடு இருந்த கேரி, வழியே நடந்துபோன ஒரு பெண்ணின் மார்பைப் பிடித்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் தனியாகத் தொடுத்த இழப்பீட்டு வழக்கு பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. இது வதந்தியோ ஒருதலைப் புகாரோ அல்ல. குற்றம் செய்தவரே ஒப்புக்கொண்ட குற்றம்.

கேரியின் தலைமைப் பதவி போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தது. அந்தப் போட்டித்தொடரின் நூற்றாண்டு அது. சிட்னி அணியை வென்று நூற்றாண்டுக் கோப்பையைத் தலைக்கு மேல் உயர்த்தியவர் கேரி. அதன்பிறகும் 2001 வரை அவரே அணித்தலைவர்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996இல் ஒரு பெண், தெருவில், அவள் சம்மதமின்றித் தொடப்படுகிறாள். அது நீதிமன்றம் உறுதிசெய்த குற்றம். அணி அசையவில்லை. 2002இல் வயதுவந்த இருவர் தம் விருப்பத்தோடு கொண்ட உறவு. அது சட்டப்படி குற்றமே இல்லை. அணி நொறுங்கிவிட்டது. தலைவர் வெளியேற வேண்டியதாயிற்று. அணித்தோழர்கள் கண்ணீர் விட்டார்கள், ஊர் முழுக்கத் துரோகம் என்றது.

யாருக்கு இழைத்த துரோகம்? இந்தக் கேள்விக்கு 2002இல் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: தோழனுக்கு. ஆஸ்திரேலிய ஆண்களின் வாழ்வில் ‘மேட்ஷிப்’ என்ற சொல்லுக்குக் கிட்டத்தட்ட மதத்தின் மரியாதை உண்டு. போர்க்களத்திலும் சுரங்கத்திலும் ஆட்டுப் பண்ணையிலும் ஒருவனுக்கு ஒருவன் துணைநின்ற ஆண்களின் தோழமை என்று அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். கேரி மீறியது அந்தத் தோழமையின் விதியை. ஸ்டீவன்ஸ் காயப்பட்டார் என்பதில் சந்தேகமில்லை, அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அந்தக் கதையில் அவருடைய மனைவி யார்? ஒரு தோழனிடமிருந்து இன்னொரு தோழன் எடுத்துக்கொண்ட பொருள். 1996இல் தெருவில் நின்றவளோ எந்தத் தோழனுக்கும் உரியவள் இல்லை. அதனால் அவளுக்கு நேர்ந்தது யாருக்கும் துரோகமாகவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ‘பிறனில் விழையாமை’ என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. தலைப்பிலேயே பாருங்கள்: தவறு அளக்கப்படுவது அந்த ‘பிறன்’ என்ற இன்னொரு ஆணை வைத்து. இல்லாளின் விருப்பு வெறுப்பு என்ன என்று தலைப்பு கேட்பதில்லை. இந்த அளவுகோலுக்கு நாடும் இல்லை, நூற்றாண்டும் இல்லை.

இனி அடிலெய்டுக்கு வருவோம். குரோஸ் அணி 1991இல்தான் தேசியத் தொடரில் ஆடத் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் மானத்தைத் தூக்கிச் சுமக்கும் அணி என்ற பெருமையோடு வந்து, 1997இலும் 1998இலும் அடுத்தடுத்துக் கோப்பையை வென்றது. 1998 இறுதி ஆட்டத்தில் அது வீழ்த்தியது யாரை? கேரி தலைமையேற்றிருந்த நார்த் மெல்பர்னை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எதிரி அணியின் ராஜா என்று கூவி விரட்டிய ஒருவரைத்தான் 2003இல் அதே ரசிகர்கள் வரவேற்க வேண்டியிருந்தது. அவர் பதின்வயதில் அடிலெய்டில் ஆடி வளர்ந்தவர் என்பதும் கைகொடுத்தது. நம்ம ஊர்ப் பையன் திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

சர்ச்சைக்குரிய ஒரு வீரர் புதிதாக வந்து சேரும்போது ரசிகர்கள் சொல்லும் வாக்கியங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்பு ஒன்று வேண்டும் என்பார்கள். மைதானத்துக்கு வெளியே அவர் என்ன செய்தார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்பார்கள். கடைசியாக வரும் வாக்கியம்தான் எல்லாவற்றையும் முடித்துவைப்பது: இனி அவர் நம்மவர். இந்த மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு கேள்வி கேட்பவரே வெளியாள் ஆகிவிடுவார்.

அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய இடத்தில் பெண்கள் இருந்தார்களா? இருந்தார்கள், பெருந்திரளாக. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி அதுதான். உலகின் பல கால்பந்து மரபுகளில் பார்வையாளர் மேடை ஆண்களின் கோட்டை. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மெல்பர்னில் பெண்கள் கூட்டங்கூட்டமாக ஆட்டம் பார்க்க வந்தார்கள். அவர்கள் போடும் கூச்சலைப் பற்றியும், தொப்பியில் செருகும் நீண்ட ஊசியால் எதிரணி வீரர்களையும் நடுவர்களையும் குத்தியதைப் பற்றியும் அன்றைய பத்திரிகைகள் முகம் சுளித்து எழுதின. 1915இல், ஆண்கள் போருக்குப் போயிருந்த காலத்தில், பெர்த் நகரத்தின் ஃபாய் அண்ட் கிப்சன் கடையில் வேலைபார்த்த பெண்கள் தாங்களே அணி சேர்ந்து ஆடவும் செய்தார்கள். தாய் மகளுக்கும் பாட்டி பேத்திக்கும் அணியின் துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டுப் போகும் ஊர் அது. அணி அங்கே குடும்பச் சொத்து.

அதனால்தான் இந்த வரவேற்பு பெண்களுக்கு அத்தனை கடினமானது. வெளியில் நிற்பவள் எளிதாக எதிர்த்துவிடலாம். உள்ளே பிறந்தவள் என்ன செய்வாள்? அப்பாவோடு பேச அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பேச்சு அந்த அணியாக இருக்கலாம். சனிக்கிழமை மதியம் வீட்டு வேலையிலிருந்து அவளுக்குக் கிடைக்கும் ஒரே விடுதலை அந்த மைதானமாக இருக்கலாம். அந்த மகிழ்ச்சியை வைத்துக்கொள்ள வேண்டுமானால் புதிதாக வந்தவரையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும் என்றால், அவள் தன் அசௌகரியத்தை விழுங்கிவிட்டுக் கைதட்டுவாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுக் கல்யாணங்களில் நமக்குப் பிடிக்காத பெரிய மனிதர்களுக்கு நாமும் வணக்கம் சொல்லியிருக்கிறோம்.

2003இல் கேரி தன் பழைய அணியை எதிர்த்து முதன்முறையாக ஆடினார். அந்த ஆட்டத்துக்காக நாடே காத்திருந்தது. ஸ்டீவன்ஸும், கேரியின் நெடுநாள் தோழரான கிளென் ஆர்ச்சரும் மைதானத்திலேயே அவரோடு முட்டி மோதினார்கள். அந்தக் காட்சி இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ஆண்கள் மூவர் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் காட்சி. பேசப்படும் பெண் அந்தச் சட்டகத்துக்குள் எங்குமே இல்லை. தெருவில் தொடப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கதையிலேயே இடமில்லை. அடிலெய்டுக்காக 28 ஆட்டங்கள் ஆடி 56 கோல்கள் அடித்துவிட்டு, கழுத்துக் காயத்தால் 2004இல் கேரி ஓய்வு பெற்றார். அந்த அணிக்கு அவர் கோப்பை எதையும் வென்று தரவில்லை.

இரண்டாவது வாய்ப்பே கூடாது என்பது என் வாதம் அல்ல. சிறைத்தண்டனைகளை மட்டும் நம்பி எந்தப் பெண்ணிய அரசியலும் வெகுதூரம் போக முடியாது. மனிதர்கள் மாறுவார்கள், மாற வேண்டும் என்று நம்பித்தான் வகுப்பறைக்குப் போகிறேன். நான் கேட்பது வேறு. வாய்ப்பைக் கொடுப்பது யார்? காயப்பட்டவள் எங்கே? கடனை வாங்கியவரும் கடன்பட்டவரைப் புகழ்பவர்களும் கூடி உட்கார்ந்து கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டால், கொடுத்தவளுக்கு அது தீர்ந்ததாகுமா? அடிலெய்டு ரசிகர்கள் 2003இல் மன்னித்தது 2002இல் நடந்ததை. 1996இல் நடந்ததை யாரும் மன்னிக்கவில்லை, ஏனென்றால் மன்னிக்க வேண்டிய ஒன்றாகவே அது பட்டியலில் ஏறவில்லை.

பட்டியல் பிறகு மெல்ல மாறியது. 2000களின் நடுவில் வீரர்கள்மீது அடுத்தடுத்துப் பாலியல் வன்முறைப் புகார்கள் எழுந்தன. 2005இல் ஆஸ்திரேலியக் கால்பந்து நிர்வாகம் பெண்களை மதிப்பது குறித்து ஒரு கொள்கையை வகுத்தது. அதே ஆண்டு சாம் மோஸ்டின் அதன் ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரானார். ஆனாலும் 2010இல் கேரியின் பெயர் தேசியப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. மாற்றம் நேர்கோட்டில் வருவதில்லை.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் ஆண்களின் வன்முறைக்குப் பலியான பெண்களுக்காகக் கால்பந்து அணிகள் எல்லாம் ஆட்டம் தொடங்குமுன் மைதான நடுவில் கைகோத்து வட்டமாக நின்று மௌனம் காத்தன. அதே நாட்களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் புகழ்மண்டபம் கேரிக்கு ‘லெஜண்ட்’ என்ற உயர்நிலையைத் தர இருந்தது. தேசிய நிர்வாகம் தலையிட்டு அதை நிறுத்தியது. 1996க்கும் 2024க்கும் இடையே 28 ஆண்டுகள். ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய், தன் மகளை ஆட்டம் பார்க்க அழைத்துப்போகும் அளவுக்கு நீண்ட காலம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2017இல் பெண்களுக்கான தேசியத் தொடர் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது அடிலெய்டு பெண்கள் அணி. 2019இல் அவர்களுடைய இரண்டாவது இறுதி வெற்றியைப் பார்க்க அடிலெய்டு ஓவல் மைதானத்துக்கு 53,034 பேர் வந்தார்கள். 2003இல் கேரியை ஏற்றுக்கொண்ட ரசிகர்களில் எத்தனையோ பேர் அன்றும் வந்திருப்பார்கள். அதே நிறம், அதே பாட்டு, அதே துண்டு. இம்முறை அவர்கள் யாருக்காகவும் எதையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை.

அந்த 53,034 பேரில், தெருவில் நடந்து போகும்போது ஒரு கை தன்மேல் விழுந்ததை மறக்க முடியாத பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அடுத்த முறை ஒரு நட்சத்திர வீரர் பழைய கதையோடு புதிய அணிக்கு வரும்போது, அவரை வரவேற்கலாமா என்று நிர்வாகம் கேட்க வேண்டியது அவர்களிடம். அவர்கள் சரி என்றும் சொல்லலாம். ஆனால் முதலில் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.